முதலில் தேர்வு, பிறகு பணம்: விமானிப் பயிற்சி அன்றும் இன்றும்

சென்னையில் பயணிகள் விமானச் சேவை வேரூன்றுவதற்கு முன்பே, பறக்கக் கற்றுக்கொடுக்க ஒரு கிளப் வந்துவிட்டது. 1930இல் தொடங்கிய மெட்ராஸ் ஃபிளையிங் கிளப் அது. அதற்கு ஓராண்டு முன்னால்தான், 1929 பிப்ரவரியில், இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் விமானி உரிமத்தை ஜே.ஆர்.டி. டாடா கையில் வாங்கியிருந்தார். டாடாவின் தபால் விமானச் சேவை கராச்சியில் கிளம்பி பம்பாய் வழியாகச் சென்னை வந்து சேர்ந்தது 1932 அக்டோபரில். ஆக, தபால் மூட்டைக்கும் பயணிகளுக்கும் முன்னால் இந்த ஊர் வானத்தில் பறந்தவர்கள் பயிற்சி மாணவர்கள்.

அந்த நாளில் விமானி ஆக ஆசைப்பட்ட பையனின் வீட்டில் எழுந்த முதல் கேள்வி: "எடுத்துக்குவாங்களா?" இன்று பிளஸ் டூ தேர்வு முடிவு வந்த மறுநாள் எழுகிற முதல் கேள்வி: "எவ்வளவு ஆகும்?" இந்தத் தொண்ணூறு ஆண்டுகளில் விமானமும் பாடத்திட்டமும் மாறின, தேர்வு முறையும் மாறியது. எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் இந்த இரண்டு கேள்விகளுக்கு நடுவே நடந்திருக்கிறது. முன்பு ஆளைச் சலித்துப் பார்த்தபின் செலவு தொடங்கியது. இப்போது செலவு முதலில் தொடங்கிவிடுகிறது. சலிப்பது கடைசியில், விமான நிறுவனத்தின் நேர்காணல் அறையில். இதைப் புரிந்துகொண்டு இறங்குகிறவர் கரையேறுகிறார். புரியாதவர் வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துவிட்டுக் காத்திருக்கிறார்.

வாசல்

அன்று வாசல் மிகக் குறுகல். நாட்டில் விமானங்களே விரல்விட்டு எண்ணும் அளவுதான். ஒரு கிளப்பில் நாலைந்து விமானம், ஒன்றிரண்டு பயிற்றுநர். யாரைச் சேர்ப்பது என்பதைக் கிளப் பார்த்துக்கொண்டது. சேர்ந்த பின்னும் தனியாகப் பறக்க விடலாமா என்பதைப் பயிற்றுநர் முடிவு செய்தார். தேறாதவரைச் சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பிவிடுவது கிளப்புக்கும் லாபம், பையனுக்கும் லாபம்.

படிப்புத் தகுதியில் மட்டும் வாசல் அகலமாக இருந்தது. 1990களின் நடுப்பகுதி வரை பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். அதன் பிறகுதான் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும் என்ற விதி வந்தது. வணிகவியல் படித்துவிட்டுப் பிறகு மனம் மாறியவர்கள் திறந்தநிலைப் பள்ளியில் அந்த இரண்டு பாடத்தை மட்டும் தனியாக எழுதி உள்ளே வருகிறார்கள். இந்த நிபந்தனையைத் தளர்த்தும் யோசனை 2025இல் டிஜிசிஏ, அதாவது விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் பரிசீலனைக்கு வந்தது.

பெண்களுக்கு அன்றைய வாசல் இன்னும் ஒடுக்கம். சர்லா துக்ரால் 1936இல் லாகூரில் உரிமம் வாங்கினார். பெங்களூர் ஜக்கூர் அரசுப் பயிற்சிப் பள்ளியில் 1949இல் பயிற்சி முடித்து வெளியே வந்தார் உஷா சுந்தரம். இந்தியன் ஏர்லைன்ஸில் முதல் பெண் விமானியாக துர்பா பானர்ஜி 1966இல் சேர்ந்தார். ஒரு பெயருக்கும் அடுத்த பெயருக்கும் நடுவே பதிமூன்று, பதினேழு ஆண்டு இடைவெளி. இன்று இந்திய விமானிகளில் சுமார் 15 சதவீதம் பெண்கள். உலகச் சராசரியைவிட இது மிக அதிகம். விமானப்படையில் 2016 முதல் போர் விமானத்தையும் பெண்கள் ஓட்டுகிறார்கள்.

பழைய முறை இன்னும் அப்படியே உயிரோடு இருக்கும் இடம் விமானப்படைதான். என்டிஏ, சிடிஎஸ், ஆஃப்கேட் என எந்த நுழைவுத் தேர்வு வழியில் போனாலும், பறக்கும் பிரிவுக்கு விமானிக்கான திறனறி சோதனை ஒன்று உண்டு. அதை வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் எழுதலாம். தவறினால் தவறியதுதான், அடுத்த ஆண்டு மறுபடி எழுத வழியில்லை. இரக்கமில்லாத விதி போலத் தோன்றும். ஆனால் அந்தப் பையனிடம் விண்ணப்பக் கட்டணத்துக்கு மேல் எதுவும் வாங்காமல் சொல்லப்படும் பதில் அது. தேறியவருக்கு ஹைதராபாத் அருகே துண்டிகலில் பயிற்சி. செலவு முழுக்க அரசுடையது. தேறாதவர் இருபத்திரண்டு வயதில் வேறு வேலை பார்க்கப் போகிறார், கடனில்லாமல்.

புஷ்பக்கும் செஸ்னாவும்

அறுபதுகளிலும் எழுபதுகளிலும் கற்றவர்களைக் கேட்டால் முதலில் வரும் பெயர் புஷ்பக். பெங்களூர் ஹெச்ஏஎல் தயாரித்து 1958இல் பறக்கவிட்ட சின்ன விமானம். இரண்டு பேர் தோளோடு தோள் உரச உட்காரலாம். துணி போர்த்திய இறக்கை, 90 குதிரைத்திறன் இன்ஜின், வால் பக்கம் ஒரு சிறு சக்கரம். நாடு முழுவதும் ஃபிளையிங் கிளப்களில் ஒரு தலைமுறையே இதில்தான் பழகியது.

அதைக் கிளப்புவதே ஒரு சடங்கு. சக்கரங்களுக்கு முன்னால் கட்டை வைத்திருக்கும். உள்ளே ஒருவர், வெளியே புரொப்பெல்லர் அருகில் ஒருவர். வெளியே நிற்பவர் "ஸ்விட்ச் ஆஃப்" என்பார். உள்ளே இருப்பவர் அதையே திருப்பிச் சொல்வார். புரொப்பெல்லரைக் கையால் இரண்டு சுற்று சுற்றி எரிபொருளை உள்ளே இழுக்கவைத்து, அலகை வசமான கோணத்தில் நிறுத்துவார். பிறகு "காண்டாக்ட்!" உள்ளிருந்தும் "காண்டாக்ட்!" ஸ்விட்ச் போட்டாகிவிட்டது என்று பொருள். வெளியே நிற்பவர் அலகை வீசி இழுத்த அதே வேகத்தில் ஓரடி பின்னால் போய்விட வேண்டும். பிடித்துக்கொண்டால் அடுத்த நொடியே அங்கே கண்ணுக்குத் தெரியாத கத்தி சுழலும். சொன்னதைத் திருப்பிச் சொல்வது, சொல்லாமல் எதையும் தொடாமலிருப்பது என்ற இரண்டு பழக்கமும் மாணவனுக்குத் தரையிலேயே வந்துவிடும். இன்றும் விமானி அறையில் இரு விமானிகளும் பேசிக்கொள்வது இதே இலக்கணத்தில்தான்.

வால் சக்கர விமானம் தரையில் அடங்காது. இறங்கிய பின்னும் மூக்கை ஒரு பக்கம் திருப்பப் பார்க்கும். காலில் இருக்கும் ரட்டர் மிதியை ஓயாமல் வேலை வாங்க வேண்டும். எந்தத் திசைக் காற்று என்பதைத் திரையில் பார்க்க வழியில்லை, காற்றுப் பையைத்தான் பார்க்க வேண்டும். வழி தெரிய ரயில் தண்டவாளம், ஏரி, கோயில் கோபுரம்.

இன்றைய பயிற்சி மாணவர் உட்காருவது பெரும்பாலும் செஸ்னா 172 அல்லது டயமண்ட் விமானத்தில். சாவியைத் திருப்பினால் இன்ஜின் ஓடும். முன்னால் இரண்டு பெரிய திரைகள்: உயரம், வேகம், திசை, வரைபடம், அருகில் வரும் விமானம் வரை எல்லாம் அதில். நாளை ஏர்பஸ்ஸில் உட்காரப் போகிறவருக்கு இந்தத் திரைகளோடு பழகுவது அவசியம். "எங்கள் காலத்தில் கையால் ஓட்டினோம்" என்று பழையவர்கள் அலுத்துக்கொள்வதில் பாதிதான் நியாயம். அந்தப் பாதி நியாயத்தை மாணவர் எடுத்துக்கொள்ள வேண்டும். திரை அணைந்தால் என்ன செய்வாய் என்று பயிற்றுநர் கேட்கும்போது பதில் சொல்ல, ஜன்னலுக்கு வெளியே பார்க்கும் பழக்கம் வேண்டும்.

மாறாத ஒன்று வெயில். நண்பகலில் சூடேறிய தரையிலிருந்து எழும் காற்று சின்ன விமானத்தைத் தூக்கிப் போடும். சூடான காற்று அடர்த்தி குறைந்து இறக்கையின் தூக்கு விசையும் இன்ஜினின் வலுவும் இறங்கும். அதனால் அன்றும் இன்றும் நல்ல பயிற்சி நேரம் விடியற்காலைதான். ஆறு மணிக்கு வந்து நின்று, பனி விலகக் காத்திருந்து, விமானத்தில் ஏதோ 'ஸ்நாக்' (சிறு கோளாறு) என்று மெக்கானிக் சொன்னதும் மறுபடி காத்திருந்து, கடைசியில் நாற்பது நிமிடம் பறந்துவிட்டு வருவதுதான் ஒரு மாணவரின் சராசரி நாள். தினமும் பறப்போம் என்ற நினைப்போடு சேருகிறவர் முதல் மாதத்திலேயே சோர்ந்துபோவார்.

வகுப்பறை

தேர்வுத் தாள்களின் பெயர் அதிகம் மாறவில்லை. வான்வழிகாட்டல், வானிலையியல், விமான ஒழுங்குமுறைகள், தொழில்நுட்பம் (பொது), தொழில்நுட்பம் (குறிப்பிட்ட விமானம்). ஒவ்வொன்றிலும் 70 மதிப்பெண் வேண்டும். இவற்றோடு வானொலிப் பேச்சுக்கான ஆர்டிஆர். விமானத்தை டிஜிசிஏ பார்த்துக்கொள்ள, வானொலியைத் தொலைத்தொடர்புத் துறை பார்த்துக்கொண்ட பழைய ஏற்பாட்டால், மாணவர்கள் பல பத்தாண்டுகள் இரண்டு அலுவலக வாசலிலும் நின்றார்கள். 1934ஆம் ஆண்டு விமானச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய வாயுயான் அதிநியம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தபோதுதான் ஆர்டிஆரும் டிஜிசிஏ கைக்கு வந்தது.

அன்று மாணவர் சிலைட் ரூலை வைத்துக் காற்றுத் திருத்தம் போட்டார். தேர்வு எப்போதாவது நடக்கும். முடிவுக்குத் தபால்காரரை எதிர்பார்த்தார். இன்று தேர்வு கணினியில். விண்ணப்பமும் மதிப்பெண்ணும் இணையத்தில். அதோடு ஒரு நோயும் வந்தது. பழைய வினாக்களைத் தொகுத்த 'கேள்வி வங்கி' எல்லோர் கைபேசியிலும் இருக்கிறது. அதை மனப்பாடம் செய்து தேறிவிடலாம். மாட்டிக்கொள்வது பிறகு, விமான நிறுவன நேர்காணலில். "மழை மேகத்துக்குப் பக்கத்தில் எந்தப் பக்கமாக ஒதுங்கிப் போவாய், ஏன்?" என்று கேட்டால் விடை எண் உதவாது.

தமிழ்வழியில் படித்தவர்கள் பயப்படுவது ஆங்கிலத்துக்கு. பன்னாட்டு விதிப்படி ஆங்கிலத் திறன் நான்காம் நிலையாவது இருக்க வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு பேசும் மொழி அளந்து வைத்த சில நூறு தொடர்களுக்குள் அடங்கும். அதில் அலங்காரத்துக்கு இடமே இல்லை; தெளிவும் வேகமும் திருப்பிச் சொல்லும் ஒழுங்கும்தான் கேட்கப்படும். நாலு மாதம் வாய்விட்டுப் பழகினால் கிராமத்துப் பள்ளி மாணவருக்கும் வரும். வராமல் போவது, புரியாததைப் புரிந்ததுபோல் தலையாட்டும் பழக்கத்தால்தான். "மறுபடி சொல்லுங்கள்" என்று கேட்க வெட்கப்படாதவருக்கு வானொலி வசப்படும்.

பணம்

பழைய கிளப்களுக்கு அரசு மானியம் கொடுத்தது. அதனால் மாணவர் கட்டியது உண்மைச் செலவில் ஒரு பகுதிதான். 1980களின் நடுவில் ரேபரேலி பக்கம் ஃபுர்சத்கஞ்சில் இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமியை மத்திய அரசு தொடங்கியதும் அதே எண்ணத்தில்தான்: நுழைவுத் தேர்வு வைத்துப் பொறுக்கி எடு, நல்ல விமானத்தில் பழக்கு, அரசு விமான நிறுவனங்களுக்கு ஆள் கொடு.

இன்று அந்த அகாடமியிலேயே கட்டணம் அரைக் கோடியை ஒட்டி இருக்கிறது. தனியார் பள்ளிகளில் வணிக விமானி உரிமம் வரை 50 லட்சம் என்பது சாதாரணம். அதன் பிறகு ஏர்பஸ் ஏ320 போன்ற ஒரு வகை விமானத்துக்கான 'டைப் ரேட்டிங்' தனியாக இருபது லட்சத்தை ஒட்டி. விமான நிறுவனங்களே நடத்தும் கேடட் திட்டங்களில் எல்லாம் சேர்ந்து ஒரு கோடியைத் தொடும். அவற்றில் ஒரு நன்மை: திறனறி சோதனையும் நேர்காணலும் பணம் கட்டும் முன்பே நடந்துவிடும். பழைய முறையின் பாதி அங்கே திரும்பி வந்திருக்கிறது, விலைச்சீட்டோடு.

சென்னை மீனம்பாக்கத்தில் வணிக விமானங்கள் பெருகப் பெருக, பயிற்சி விமானத்துக்கு ஓடுபாதையில் இடம் சுருங்கியது. பயிற்சி சின்ன ஊர்களுக்கு நகர்ந்தது. விமான நிலைய ஆணையம் பயிற்சிப் பள்ளிகளுக்காக ஒதுக்கிய இடங்களில் சேலமும் ஒன்று. கயத்தாறு, உளுந்தூர்பேட்டை, செட்டிநாடு, சோழவரம் என்று இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுபாதைகள் தமிழ்நாட்டில் அங்கங்கே கிடக்கின்றன. சோழவரத்தில் கார்ப் பந்தயம் ஓடியது. இவற்றில் ஒன்றிரண்டையாவது பயிற்சிக்குத் திருப்பலாம் என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது.

பணம் கட்டுவதில் பெரும்பாலானோர் சறுக்குவது தொகையில் இல்லை, காலத்தில். வணிக உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி தானே பொறுப்பு விமானியாக. 300 கடல் மைல் நீளும் ஒரு பயணமும் உண்டு. பள்ளி "பதினெட்டு மாதம்" என்று சொல்லும். விமானம் பழுது, பயிற்றுநர் வேறு வேலைக்குப் போய்விட்டார், மழைக்காலம், ஓடுபாதை மராமத்து என்று அது மூன்று ஆண்டாக நீளலாம். விடுதி வாடகையும் கடன் வட்டியும் மட்டும் மாதம் தவறாமல் ஓடும். இதனால்தான் முழுக் கட்டணத்தையும் முன்கூட்டியே கேட்கும் பள்ளியைக் கண்டால் இரண்டடி தள்ளி நிற்க வேண்டும்.

பள்ளிகளைத் தரம் பிரிக்கும் வேலையை டிஜிசிஏ 2025இல் தொடங்கியது. முதல் பட்டியலில் உச்ச தரங்களான ஏ++, ஏ+ இரண்டும் ஒருவருக்கும் கிடைக்கவில்லை. விளம்பரப் பலகையை நம்பும் முன் அந்தப் பட்டியலை ஒருமுறை பார்ப்பது நல்லது.

வேலை

1953இல் விமான நிறுவனங்கள் நாட்டுடைமை ஆனபின் வேலை கொடுப்பவர்கள் இரண்டு பேர்: இந்தியன் ஏர்லைன்ஸ், ஏர் இந்தியா. மிச்சம் இருந்தது பூச்சிமருந்து தெளிக்கும் விமானம், மாநில அரசு விமானம், கிளப்பிலேயே பயிற்றுநர் வேலை. உரிமம் வாங்கியவர் சிலரே. அவர்களும் வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். ஆனால் உள்ளே போய்விட்டால் ஓய்வு வரை அசைக்க முடியாது.

1994இல் அந்த நாட்டுடைமைச் சட்டம் நீங்கியது. சென்னையிலிருந்து என்இபிசி என்ற தனியார் நிறுவனம் பறந்தது, சில ஆண்டில் நின்றது. 2003இல் முன்னாள் ராணுவ அதிகாரி ஜி.ஆர். கோபிநாத் தொடங்கிய ஏர் டெக்கான் டிக்கெட் விலையை உடைத்தபோது விமானி வேலைக்கும் கிராக்கி வந்தது. 'சூரரைப் போற்று' பார்த்தவர்களுக்கு அந்தக் கதை தெரியும். படம் சொல்லாத பின்கதை: 2012இல் கிங்ஃபிஷர் நின்றது, 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றது, 2020இல் கொரோனா, 2023 மே மாதத்தில் கோ ஃபர்ஸ்ட். ஒவ்வொரு முறையும் அனுபவமுள்ள விமானிகள் நூற்றுக்கணக்கில் வெளியே வந்தார்கள். புதிதாக உரிமம் வாங்கியவர் வரிசையில் அவர்களுக்குப் பின்னால் போய் நின்றார்.

அதே 2023இல் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்தன. அந்த ஆண்டு டிஜிசிஏ வழங்கிய வணிக விமானி உரிமங்கள் 1,622. அதற்கு முந்தைய எந்த ஆண்டிலும் இத்தனை வழங்கப்பட்டதில்லை. "விமானிப் பற்றாக்குறை" என்று செய்தித்தாளில் வந்தால் உற்றுப் படிக்க வேண்டும். பற்றாக்குறை இருப்பது இடது இருக்கையில் உட்காரும் கேப்டன்களுக்கு. அந்த இருக்கைக்கு வர ஏடிபிஎல் உரிமம் வேண்டும், அதற்குக் குறைந்தது 1,500 மணி நேர அனுபவம் வேண்டும். 200 மணி நேரத்தோடு நிற்கும் புதியவர்கள் வலது இருக்கைக்கு முட்டி மோதுகிறார்கள். விமானம் வாங்கும் செய்திக்கும் தன் வேலைக்கும் நடுவே குறைந்தது ஒரு பொருளாதார ஏற்ற இறக்கம் இருக்கும் என்று கணக்குப் போடுகிறவரே சரியாகக் கணக்குப் போடுகிறார்.

வேலையின் தன்மையும் மாறியிருக்கிறது. முன்பு ஒரு நாளில் ஒன்றிரண்டு பயணம். இன்று குறைந்த கட்டண நிறுவனங்களில் நாலு முறை ஏறி இறங்குவது சகஜம், அதுவும் விடியற்காலைப் பணி, நள்ளிரவுப் பணி என்று மாறி மாறி. விமானிகளின் அசதியைக் குறைக்க வாராந்தர ஓய்வை 48 மணி நேரமாக்கிய புதிய விதி 2025 நவம்பரில் முழுமையாக அமலுக்கு வந்தபின், டிசம்பரில் இண்டிகோவின் விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாகி விமான நிலையங்கள் திணறின. கோட் சூட்டில் தெரியும் பளபளப்புக்குப் பின்னால் தூக்கத்தைக் கணக்குப் பார்க்கும் வாழ்க்கை இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைப் படை

விமானியாக வேண்டும் என்பவர்களில் கணிசமானோர் உண்மையில் விரும்புவது சீருடையை. அவர்களுக்கு அன்று சென்னையில் அருமையான ஒரு வழி இருந்தது. 1952இல் வந்த ரிசர்வ் மற்றும் துணை விமானப்படைச் சட்டத்தின் கீழ், பெரிய நகரங்களில் துணை விமானப்படைப் பிரிவுகள் அமைந்தன. 51 டெல்லிக்கு, 52 பம்பாய்க்கு, 53 சென்னைக்கு. வாரநாளில் அலுவலகம், விடுமுறை நாளில் ஹார்வர்ட் விமானம். பின்னாளில் அந்த ஏற்பாடு மறைந்துபோனது. இன்று வேலையையும் விடாமல் படை விமானமும் ஓட்ட அப்படியொரு வழி இங்கே இல்லை.

தரைப்படையில் அந்த வழி இன்னும் இருக்கிறது. டெரிடோரியல் ஆர்மி எனப்படும் பிரதேச ராணுவத்தை 1949 அக்டோபர் 9 அன்று தொடங்கி வைத்தவர் கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜி. மெட்ராஸ் ரெஜிமென்ட்டோடு சேர்ந்த அதன் 110ஆவது பட்டாலியன் கோவையில் இருக்கிறது. 18 முதல் 42 வயது வரை சேரலாம். அதிகாரியாக வேண்டுமென்றால் பட்டம் வேண்டும். எழுத்துத் தேர்வு, முதற்கட்ட நேர்காணல், எஸ்எஸ்பி எனப்படும் தேர்வு வாரியம், மருத்துவப் பரிசோதனை எல்லாம் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு நிபந்தனை: சொந்தமாக ஒரு வேலையோ தொழிலோ வருமானத்தோடு இருக்க வேண்டும். முழுநேரப் பிழைப்பு தர மாட்டோம் என்று படையே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது. பயிற்சிக்கோ பணிக்கோ அழைக்கும் காலத்தில் வழக்கமான ராணுவத்தினருக்கு உரிய சம்பளம். திரும்பி வந்தால் பழைய வேலையில் சேர்த்துக்கொள்ள முதலாளிக்குச் சட்டக் கடமை உண்டு.

அன்று இதை ஆண்டுக்கு இரண்டு மாத முகாம் என்று நினைத்தவர்கள் பலர். பெண்களுக்கு இடமில்லாமல் இருந்தது. 2018இல் டெல்லி உயர் நீதிமன்றத் தீர்ப்பு அந்தத் தடையை நீக்கியது. 2025 மே மாதம், எல்லையில் பதற்றம் உச்சத்தில் இருந்தபோது, 32 காலாட்படை பட்டாலியன்களில் 14ஐப் பணிக்கு அழைக்கும் அதிகாரம் தரைப்படைத் தளபதிக்குத் தரப்பட்டது. ஆகவே இன்று விண்ணப்பிப்பவர், அழைப்பு வந்தால் மாதக்கணக்கில், சில வேளை வருடக்கணக்கில் போக வேண்டும் என்பதை வீட்டில் பேசி முடிவெடுத்துவிட்டுப் போக வேண்டும். கிரிக்கெட் வீரர் தோனியும் நடிகர் மோகன்லாலும் இந்தப் படையில் பெற்றது கௌரவப் பதவி. விண்ணப்பதாரருக்கு அந்தச் சலுகை கிடையாது. 2025ஆம் ஆண்டின் ஆள்சேர்ப்பு அறிவிக்கையில் அதிகாரி இடங்களே 19தான். நான்காண்டு முழுநேரப் பணியான அக்னிபத் திட்டத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளவும் கூடாது.

இந்தப் படை வைக்கும் நிபந்தனையைப் பயிற்சி விமானி தனக்குத் தானே வைத்துக்கொள்ளலாம். பறப்பதைத் தவிர வேறு ஒரு பிழைப்புக்கு வழி வேண்டும். ஒரு பட்டம், ஒரு தொழில், ஏதோ ஒன்று. விமானப் பள்ளி அதைக் கேட்காது. கேட்காததால்தான் நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

புதிதாக வருபவருக்கு

தேர்வு முதலில், பணம் பிறகு என்ற பழைய வரிசையை அரசோ பள்ளியோ திரும்பக் கொண்டுவரப் போவதில்லை. அதை வீட்டிலேயே அமைத்துக்கொள்ளலாம்.

முதலில் உடம்பு. இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழோடு நிற்காமல், உரிமத்துக்குக் கடைசியில் கட்டாயம் வேண்டிய முதல் வகுப்புச் சான்றிதழையும் பணம் கட்டும் முன்பே வாங்கிவிடுங்கள். பெங்களூரில் உள்ள விமானப்படையின் ஏரோஸ்பேஸ் மருத்துவக் கழகம் போன்ற இடங்களில் இதைச் செய்கிறார்கள். நிறப்பார்வைக் குறை இருப்பது பலருக்குப் பதினெட்டு வயது வரை தெரியாது. கட்டணம் கட்டிவிட்டு மருத்துவப் பரிசோதனைக்குப் போவது, பெண் பார்க்கும் முன்பே மண்டபத்துக்கு முன்பணம் கொடுப்பது போன்றது.

அடுத்தது வயது அனுமதித்தால் விமானப்படைத் தேர்வு. ஆஃப்கேட்டில் பறக்கும் பிரிவுக்கு 20 முதல் 24 வயது. வணிக உரிமம் இருந்தால் 26 வரை. கிடைத்தால் செலவில்லாத சிறந்த பயிற்சி. கிடைக்காவிட்டாலும், தன்னை ஒருவர் அளந்து பார்த்துவிட்டார் என்ற தெளிவு. கல்லூரியில் இருக்கும்போதே என்சிசி விமானப் பிரிவில் சேர்ந்தால் மைக்ரோலைட்டில் சில நிமிடமாவது பறக்க வாய்ப்பு உண்டு. வயிற்றைப் புரட்டுகிறதா, மனம் தாவுகிறதா என்பது அங்கே தெரிந்துவிடும்.

மூன்றாவது, டிஜிசிஏ எழுத்துத் தேர்வுகளைப் பள்ளியில் சேருவதற்கு முன்பே எழுதத் தொடங்குவது. இதற்கு ஆகும் செலவு பறக்கும் செலவில் ஒரு சிறு துளி. வான்வழிகாட்டல் தாளோடு ஆறு மாதம் மல்லுக்கட்டிப் பார்த்தால் இந்த வாழ்க்கை தனக்குப் பொருந்துமா என்று மாணவருக்கே தெரியும். எழுத்துத் தேர்வை முடித்துவிட்டுச் சேருகிறவர், பள்ளியில் விமானம் கிடைக்கும் ஒவ்வொரு காலையையும் பறப்பதற்கே செலவிடுவார்.

நான்காவது, பள்ளியைப் போய்ப் பார்ப்பது. வரவேற்பறையில் உட்கார வேண்டாம், விமானக் கொட்டகைக்குப் போங்கள். அங்கே காத்திருக்கும் மாணவர்களிடம் மூன்றே கேள்வி: போன மாதம் எத்தனை மணி பறந்தாய்? பறக்கும் நிலையில் விமானம் எத்தனை, மாணவர் எத்தனை பேர்? போன அணியில் கடைசியாக முடித்தவர் எத்தனை மாதத்தில் முடித்தார்? கட்டணத்தைப் பறந்த மணிக்கு ஏற்பத் தவணையாகக் கட்டலாமா, நடுவில் விலகினால் எவ்வளவு திரும்பும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். வெளிநாட்டில் படிப்பதாக இருந்தாலும் இதே கேள்விகள்தான். கூடுதலாக டாலர் விலையையும், திரும்பி வந்து இந்திய உரிமமாக மாற்றும் தேர்வுகளையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகப் பணம். கடன் வாங்கினால், உரிமம் கிடைத்தபின் மூன்று ஆண்டு வேலை கிடைக்காமல் போனாலும் வட்டி கட்ட முடியுமா என்று அப்பாவும் பிள்ளையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். முடியும் என்றால் தயங்காமல் இறங்கலாம். வானம் இன்று அன்றைவிடப் பல மடங்கு திறந்திருக்கிறது, சின்ன ஊர்ப் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் அன்று இல்லாத இடம் இருக்கிறது. முடியாது என்று கணக்குச் சொன்னால், இந்த ஆண்டு பட்டப்படிப்பில் சேர்ந்து, மருத்துவச் சான்றிதழையும் எழுத்துத் தேர்வுகளையும் முடித்து வைத்துக்கொண்டு, சம்பாதித்துச் சேர்த்த பணத்தோடு இருபத்தைந்து வயதில் வரலாம். வணிக விமானி உரிமத்துக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்றுதான் விதி. இருபத்தைந்தில் தொடங்கக் கூடாது என்று எந்த விதியும் சொல்லவில்லை.